மாலையை விழுங்கிய மோட்டார் சைக்கிள்

தம்பிமாரே, ஓர் எஞ்சின் புதிதாகக் கராஜுக்கு வந்தால் உங்களில் பாதிப் பேர் அதன் சத்தத்தைக் கேட்கிறீர்கள், மீதிப் பேர் புகையைப் பார்க்கிறீர்கள். நான் முதலில் குனிந்து அதன் வாயைப் பார்ப்பேன். காற்றுக் குடிக்கிற வாய். அதற்கு வலை இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். "பெரியவரு மறுபடியும் வாயத் தடவ ஆரம்பிச்சிட்டாரு" என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது எனக்குத் தெரியும். காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துச் சத்தமாகவே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உட்காருங்கள், அந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன்.

நான் அட்டனில் பாஸின் கராஜில் பிட்டராக இருந்தேன். எங்கள் தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை போய்ச் சில வருசங்கள் ஆகியிருந்தன. பாஸ் சிங்களவர், கடைசல் வேலையில் கெட்டிக்காரர். கைவேலை தெரிந்தவரைச் சிங்களத்தில் பாஸ் என்பார்கள். கராஜும் அவருடையதுதான் என்பதால் பெயர் இரண்டு வகையிலும் பொருந்திவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருக்கும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் யார் மேலும் இறங்காமல் அப்படியே திரும்பிப் போய்விடும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கராஜ் மூலையில் விளிம்பு உடைந்த பெரிய எனாமல் தட்டு ஒன்று கிடக்கும். எந்த எஞ்சினைத் திறந்தாலும், உள்ளேயிருந்து வருவது எதுவானாலும், அந்தத் தட்டுக்குத்தான் போக வேண்டும். பற்சக்கரத்தின் உடைந்த பல்லானாலும் சரி, யாரோ மறந்துவிட்ட துணித் துண்டானாலும் சரி. "மல்லி, எஞ்சினுக்குள்ள இருந்து வந்தது சட்டைப் பைக்குப் போகக் கூடாது. வண்டிக்காரன் பாக்கணும். அது அவனோட வயிறு" என்பார். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி. கணக்கப்பிள்ளைகளுக்குக் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற பெரட்டு எப்படியோ அப்படி எங்களுக்கு அந்தத் தட்டு.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே தோட்டத்தை நடத்துகிற பெரியதுரைக்கு உதவியாகப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்திருந்தார். இங்கிலாந்துக்காரர், இளந்தாரி. மோட்டார் சைக்கிள் பைத்தியம். சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அவருடைய ஒற்றைச் சிலிண்டர் வண்டி கீழ்நாட்டில் சிங்கம், மேலே ஏறினால் ஆஸ்துமாக்காரன். உங்களுக்குத் தெரியும், உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்துவிடும். மெலிந்த காற்றைக் குடித்துக்கொண்டு எந்த எஞ்சினும் முழுப் பலம் காட்டாது.

அந்தத் தோட்டத்துப் பெரிய பங்களாவின் பின்புறத்தில், எப்போதோ ஒரு துரை விட்டுப்போன சிறிய பந்தயக் கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. சின்னத்துரை ஒருநாள் கோழிகளை விரட்டிவிட்டு மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு சுப்பர் சார்ஜர். காற்றை இழுத்து, நெருக்கி, எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. பெரியதுரையிடம் கேட்டுக் கழற்றிக்கொண்டு, சாக்கில் சுற்றி எங்கள் கராஜுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"இது காரோடது. இதை மோட்டார் சைக்கிள்ல வைக்கிறது. முடியுமா?"

பாஸ் சாக்கைப் பிரித்தார், ஒரு கோழி இறகை எடுத்துத் தட்டில் வைத்தார், என்னைப் பார்த்தார். "ஈர விறகுக்கு ஊதாங்குழல் வைக்கிற மாதிரிதானே, மல்லி?"

"ஆமா பாஸ். ஆனா அடுப்பு சின்னது, ஊதாங்குழல் பெருசு."

"அடுப்பு வெடிச்சா?"

"தொரையோட அடுப்புத்தானே" என்றேன். சின்னத்துரைக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது, எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் வேலையை ஒப்புக்கொண்டோம்.

எப்படிப் பொருத்தினோம் என்று சொல்லத் தொடங்கினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். கார் எஞ்சின் நாலு சிலிண்டராலும் ஓயாமல் காற்றை இழுக்கும். ஒற்றைச் சிலிண்டரோ ஒரு வாய் குடிக்கும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். இடையில் வரும் காற்று எங்கே போகும்? அதற்காக யுத்தகாலத்து இராணுவ லொறி ஒன்றிலிருந்து கழற்றிய தீயணைக்கும் சிலிண்டரை நடுவில் தொட்டியாக வைத்தோம். மூன்று தடவை திருப்பி இருமி, ஒரு தடவை பாஸின் புருவத்தைக் கருக்கிவிட்டு, கடைசியில் அது ஓடிய நாளில் அட்டன் கடைவீதியே வாசலுக்கு வந்து பார்த்தது. அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

கார்புரேட்டரை வேறெங்கும் வைக்க இடமில்லாமல் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அதன் வாய் வெளியே பார்த்தபடி அகலமாகத் திறந்திருந்தது. பாஸ் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை பிடுங்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது.

"தொரை, இதுக்கு வலை போடுவோம். இது சும்மா குடிக்கல, பறிச்சுக் குடிக்குது."

"வலை வேண்டாம். வலை போட்டா காத்து கொறையும்" என்றார் சின்னத்துரை.

"கொஞ்சந்தான் கொறையும்."

"கொஞ்சமும் வேண்டாம், பாஸ்."

வண்டி அவருடையது. பாஸ் தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார்.

இனி செல்லம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்கா. முந்தைய மழைக்காலத்தில் அவளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. பாலத்தருகே மண் சரிந்து லொறி போக வழியில்லை. தோட்டத்து மருத்துவச்சியோ வேறு டிவிசனில் இருந்தாள். சின்னத்துரைதான் மோட்டார் சைக்கிளைச் சரிவின் மேலேயே உருட்டிக் கொண்டு போய், மருத்துவச்சியைப் பின்னால் ஏற்றி வந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் இறக்கினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவர் அதை இரண்டு நாளில் மறந்திருப்பார். செல்லம்மா மறக்கவில்லை. வண்டிக்குப் புது எஞ்சின் வருகிறது, பந்தயத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், வண்டிக்கு மாலை போட்டு அனுப்புவதாக.

ஏன் வண்டிக்கு? துரைக்கே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு பொம்பளை ஓர் ஆம்பளைக்கு மாலை போட்டால் நம்மிடம் அதற்குப் பெயரே வேறு. அதிலும் அவர் துரை. அதனால் வண்டிக்குப் போட்டாள். ஆயுத பூசைக்குத் தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் ரோலருக்கும் பொயிலருக்கும் போடுகிற ஆட்கள்தானே நாங்கள். மெசினுக்கு மாலை போடுவது எங்களுக்கு விளக்கேற்றுவது மாதிரி.

முதல் ஓட்டத்தைத் தோட்டத்து ரோட்டிலேயே பார்ப்பது என்று ஏற்பாடு. நானும் பாஸும் எங்கள் பழைய வேனோடு கீழே பாலத்தடியில் நின்றோம். மேலே கோயிலடியில் நடந்ததை நான் பார்க்கவில்லை, செல்லம்மா பிறகு சொன்னதுதான். கோயில் வாசலில் நின்று கையைக் காட்டியிருக்கிறாள். துரை நிறுத்தியிருக்கிறார். செவ்வந்தி மாலையை முன் விளக்கைச் சுற்றிப் போட்டு, மிச்ச நுனியை எண்ணெய்த் தாங்கியின் மேலே செருகி, திருநீறும் குங்குமமும் வைத்தாளாம். அந்தக் குளிர் மலையில் வாழை வராது, நாருக்கு எங்கே போவாள்? அரிசிச் சாக்குத் தைக்கிற சணல் நூலில் கட்டியிருந்தாள். நாராக இருந்திருந்தால் இழுத்ததும் அறுந்துபோயிருக்கும். சணல் அறுமா?

துரை அந்த மாலையைப் பார்த்திருக்கிறார். போட்டவள் கண் முன்னால் கழற்றக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்கு நம்மைத் தெரிந்திருந்தது. கையைக் கூப்பிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

கீழே எங்களுக்கு முதலில் சத்தம்தான் வந்தது. சந்தோசமாக இருந்தது. மேல் வளைவு, நடு வளைவு, ஒவ்வொன்றிலும் சத்தம் இறங்கி ஏறியது. பாஸ் என் தோளில் ஓங்கித் தட்டினார். கடைசி வளைவுக்கு முன்னால் சத்தம் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

"மல்லி, அடைக்கச் சொல்லு, அடைக்கச் சொல்லு!" என்று பாஸ் கத்தினார். யாரிடம் போய்ச் சொல்வது?

வளைவுக்கு இந்தப் பக்கம் பகல் கொழுந்து நிறுவை முடிந்து பெண்கள் கூடையோடு ரோட்டை அடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். மேலே வண்டி தெரிந்தது. முன்னால் மஞ்சளாக ஏதோ பறந்தது. துரையின் வலது கை காற்றுத் திறக்கிற பிடியை அடைத்துத்தான் இருந்தது, எஞ்சின்தான் கேட்கவில்லை. அந்த இடத்தில் பயந்தவன் கிளச்சைப் பிடித்திருப்பான். பிடித்திருந்தால் பாரம் இல்லாத எஞ்சின் எகிறி வெடித்து அவர் தொடையைக் கிழித்திருக்கும். அவர் பிடிக்கவில்லை. வால்வைத் தூக்குகிற சின்ன லீவரை இழுத்தார், சத்தம் அறுந்தது, ஆனால் வேகம் போக இடமில்லை. முன்னால் பெண்கள். ஒரு நொடி கூட யோசிக்காமல் வண்டியை மேல் பக்கத்துத் தேயிலைக்குள் விட்டார்.

அந்த மலை செடிகளைக் குட்டையாகக் கவாத்து வெட்டாத மலை. வெட்டியிருந்தால் தேயிலைக் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு குத்தூசி. அன்றைக்கு அடர்ந்த செடிகள் மெத்தை மாதிரி அவரைப் பிடித்துக்கொண்டன. தோள் எலும்பு மட்டும் போனது. பெண்களில் ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை.

அவரை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டோம். வண்டியை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் கணக்கப்பிள்ளை வழியாகப் பெரியதுரையின் காதுக்கு மாலை விசயம் போய்விட்டது. செல்லம்மா குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு என்று பேச்சு எழுந்தது. உங்களுக்கு அந்தச் சொல் புதிதாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து ஆளை விலக்கிக் கொடுக்கும் சீட்டு அது. அதை வாங்கியவனை வேறு தோட்டம் எளிதில் எடுக்காது. அப்போது எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் உரிமை இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை. லயத்து அறை ஒன்றுதான் ஊர், உலகம் எல்லாம். அது போனால் புருசன், கைப்பிள்ளை, மாமியார் எல்லோரோடும் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

மறுநாள் வண்டி லொறியில் கராஜுக்கு வந்தது. பின்னாலேயே காரில் பெரியதுரை வந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் கொள்ளாமல் சீட்டை எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் என்ன நடந்தது என்று பார்க்க வந்தார். ஆனால் அவருடைய நியாயத்துக்கு இரண்டே கதவு.

"என் முன்னால திற. மெசினா, மாலையா? எனக்கு அது தெரியணும்."

மெசின் என்றால் பாஸின் கராஜ் அன்றோடு சரி. தோட்டங்களின் வேலையை நம்பித்தான் அது நின்றது. துரைமார் கிளப்பில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். மாலை என்றால் செல்லம்மா.

செல்லம்மா அப்போது கராஜ் வாசலில் இருந்தாள். விடியற்காலை பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பெரியதுரை வருவதற்கு முன் என்னிடம் பேசினாள். நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? என்னைக் காப்பாற்று, உள்ளே பூ இருந்தால் எடுத்து ஒளித்துவிடு என்று அழுவாள் என்று. நானும் லயத்தில் பிறந்தவன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

அவள் கேட்டது வேறு. "தம்பி, மெய்யச் சொல்லுங்க. நா போட்ட பூவாலயா தொரை விழுந்தாரு?"

"தெரியலக்கா. தொறந்து பாத்தாத்தான்."

"சீட்டு குடுத்தா குடுக்கட்டும். அது தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

அவளிடம் நான் பொய் சொல்ல முடியாது என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நேரம் உண்மையைச் சொல்லி அவளை ரோட்டுக்கு அனுப்பவும் என்னால் முடியாது.

கார்புரேட்டரைக் கழற்றினேன். என் முதுகுப் பக்கம் பெரியதுரை நின்றார். உள்ளே விரலை விட்டேன். சணல் தட்டுப்பட்டது. காற்றை மூடித் திறக்கிற தட்டுக்கும் அதன் சுவருக்கும் நடுவே, ஆணி அடித்த மாதிரி இறுகி இருந்தது. அதைச் சுற்றிப் பெற்றோல் வாடையோடு செவ்வந்திச் சக்கை. என் கை மறைத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. இரண்டு விரலால் சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும்.

தம்பிமாரே, நான் நல்லவன் என்பதால் ஒன்றும் நேராக நடந்துகொள்ளவில்லை. பாஸ் என் முகத்தைப் பார்த்தார். மூலைக்குப் போய் அந்த எனாமல் தட்டை எடுத்து வந்து என் கைக்குக் கீழே நீட்டினார், அவ்வளவுதான். அந்தத் தட்டில் எது விழுந்தாலும் அவர் தாங்கிக்கொள்வார் என்பது அவர் நீட்டிய விதத்தில் இருந்தது. அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அன்றைக்கு ஒளித்திருந்தால் அதற்குப் பிறகு எந்த எஞ்சினையும் நிம்மதியாகத் திறந்திருக்க மாட்டேன்.

நூலை எடுத்துத் தட்டில் வைத்தேன். பூச்சக்கையையும் வழித்து வைத்தேன்.

பெரியதுரை குனிந்து பார்த்தார். "அப்போ மாலை."

"மாலை உள்ள போயிருக்குதுங்க தொரை" என்றேன். "ஆனா அது போன வழியையும் பாருங்க. இந்த வாய் தொறந்து கெடக்கு. இன்னிக்குப் பூ போச்சு. நாளைக்கு ஒரு தேயிலை எல போயிருக்கும், தொரையோட காற்சட்டைத் துணியே போயிருக்கும். பூ போட்டவங்களுக்கு இதுக்குள்ள என்னா இருக்குன்னு தெரியாதுங்க. தெரிஞ்சவங்க நாங்கதான் மூடியிருக்கணும்."

அவர் கேட்ட இரண்டு கதவில் ஒன்றையும் நான் திறக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கோபமாக நிற்கிற ஒருவர் இதுவா அதுவா என்று கேட்பார். கேள்வியே குறையாக இருந்தால் பதிலைக் குறைக்காதீர்கள். பயந்துகொண்டே என்றாலும் முழுதாகச் சொல்லுங்கள்.

"யார் மூடாம விட்டது?" என்று கேட்டார் பெரியதுரை.

ஒரு துரையைப் பற்றி இன்னொரு துரையிடம் நான் சொல்வதா? சொன்னாலும் யார் நம்புவார்கள்?

பாஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார். "என் கராஜ் வேலை, தொரை. பொறுப்பு என்னோடது."

கராஜ் போயிற்று என்று நினைத்தேன். பெரியதுரையும் கிளம்புவதற்குத் தொப்பியை எடுத்துவிட்டார். அப்போதுதான் வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"இல்ல. பாஸ் இல்ல. நான்."

சின்னத்துரை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டியவர். கை கழுத்தில் கட்டித் தொங்கியது, முகம் வெளுத்திருந்தது. யாரோ ஒருவருடைய காரில் வந்து இறங்கியிருந்தார். வாசலில் பிள்ளையோடு எழுந்து நின்ற செல்லம்மாவைத் தாண்டி உள்ளே வந்தவர், நடுவில் நின்றுகொண்டார்.

"பாஸ் வலை போடுறேன் சொன்னது. நான் வேண்டாம் சொன்னது. ரெண்டு தடவை வேண்டாம் சொன்னது. மாலை எடுத்து ஓரமா வைக்கிறது என் வேலை. நான் வைக்கல. பூ போட்டது தப்பு இல்ல. தப்பு என்னோடது."

பெரியதுரை இங்கிலீசில் ஏதோ கடுமையாகச் சொன்னார். சின்னத்துரை இங்கிலீசுக்கு மாறவில்லை. மறுபடியும் அதையே தமிழில், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் ஒரே பாசைக்காரர்கள். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீசில் மெதுவாகச் சொல்லியிருந்தால் அவர் மானமும் தப்பியிருக்கும், செல்லம்மாவின் சீட்டும் நின்றிருக்கும். அவருடைய ஓட்டைத் தமிழில், எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஏனென்றால் வாசலில் நின்றவளுக்கு அது காதில் விழ வேண்டும். சோறு இறங்க வேண்டும். மனிதனுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியதுரை மறுபடியும் குனிந்து தட்டைப் பார்த்தார். பிறகு பாஸிடம், "வலை போடு" என்றார். போகிற வழியில் செல்லம்மாவிடம் நின்று, "நாளைக்கு மலைக்குப் போ" என்றார், கொழுந்து பறிக்கப் போ என்று. பத்துச்சீட்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். கோபத்தோடு வந்த ஆள் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவது சின்ன விசயம் இல்லை.

செல்லம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சின்னத்துரைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாஸ் அவளுக்கும் அவருக்கும் பாலில்லாத பிளேன்டீ வாங்கி வரச் சொன்னார்.

அந்தச் சித்திரையில் அவரால் ஓட முடியவில்லை. வருசம் முடிவதற்குள் அவரை ராகலைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது, உண்டு என்றுதான் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். வண்டி எங்கள் கராஜிலேயே இருந்தது. நேரம் கிடைத்தபோதெல்லாம் நேராக்கினோம். வலைக்கு என்னென்னவோ பார்த்தோம். ஒன்று காற்றை அடைத்தது, ஒன்று அதிர்வில் கிழிந்தது. கடைசியில் செல்லம்மாவின் புருசன் ஸ்டோரில் தேயிலை சலிக்கிற பழைய பித்தளைச் சல்லடையின் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தான். தூள் சலித்துச் சலித்துக் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தது. பாஸ் அதைக் கிண்ணமாக வளைத்து வாயில் பொருத்தினார். எஞ்சினில் ஒரு மூச்சும் குறையவில்லை.

அடுத்த சித்திரைக்குச் சின்னத்துரை ராகலையிலிருந்து அட்டனுக்கு வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். நாங்கள் வேனில் பின்னால் போனோம். நுவரெலியாவுக்கு நேர் வழியில் போகாமல், தலவாக்கலை தாண்டி அந்தத் தோட்டத்து ரோட்டில் திருப்பினார். கோயிலடியில் நிறுத்தினார். செய்தி லயத்துக்குப் போய், செல்லம்மா இடுப்பில் பிள்ளையோடு ஓடி வந்தாள்.

"மாலை எங்கே?" என்றார்.

அவள் முகம் செத்துவிட்டது. "வேணாம் தொரை. என் கைராசி சரியில்ல. நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க."

அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, கோயில் படியில் உட்கார்ந்துகொண்டார். பந்தயத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பாஸ் என் காதில், "இந்த மனுசன் நம்ம ரெண்டு பேரையும் கொல்லப் போறான்" என்று முணுமுணுத்தார். ஆனால் அவர் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

செல்லம்மா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கோயிலடிச் செவ்வந்தியைப் பறித்து, அங்கேயே உட்கார்ந்து கட்டினாள். நூல் அதே சணல்தான், வேறு எதற்குப் போவாள்? மாலையைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தவள் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எங்க கட்டட்டும், தம்பி?"

ஒரு கணம் நான் பின்னிருக்கையைக் காட்டப் போனேன். அது பத்திரமான இடம். பிறகு வலையைப் பார்த்தேன். மாலை வந்தாலும் ஓட வேண்டும் என்றுதானே அந்த வலையைப் போட்டோம்? அதை நானே நம்பாவிட்டால் எப்படி?

"போன தடவ கட்டுன எடத்துலயே கட்டுங்கக்கா" என்றேன்.

கட்டினாள். கட்டி முடித்துப் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நுவரெலியாவில் பந்தயத்தை நடத்துகிறவர்கள் மாலையைக் கழற்றச் சொன்னார்கள். துரை ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர் முதலாவதாக வரவில்லை. மூன்றாவதா நாலாவதா என்பதும் எனக்கு மறந்துவிட்டது. நான் மலை உச்சியில் நின்றேன். வண்டி வந்து நின்றபோது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாலை பாதி பிய்ந்து போயிருந்தது. குனிந்து வாயைப் பார்த்தேன். பித்தளை வலையின் மேல் மூன்று நாலு செவ்வந்தி இதழ்கள், ஒட்டிக்கொண்டு, உள்ளே போக முடியாமல் துடித்துக்கொண்டிருந்தன. துரையும் குனிந்து பார்த்தார். அவர் எஞ்சினை நிறுத்தினார். இதழ்கள் என் கையில் உதிர்ந்தன.

அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாஸ் பார்த்துவிட்டு முறைத்தார். "உள்ள இருந்து வரல பாஸ், வெளியதான் நின்னுச்சு" என்றேன். சட்டம் தெரிந்தவர், வேன் பக்கம் திரும்பி நடந்தார்.

திரும்பி வரும்போது துரை ராகலைக்குப் பிரிந்துவிட்டார். எங்கள் வேன் கோயிலடியில் நின்றது. செல்லம்மா கொழுந்துக் கூடையோடு அங்கேயே காத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைப் பையிலிருந்து இதழ்களை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"பூ மலை உச்சி வரைக்கும் பத்திரமாப் போய்ச் சேந்துருச்சுக்கா."

அவள் பூவைப் பார்க்கவில்லை. "தொரை?"

"அவரும்தான்" என்றேன்.